ஜப்பான் கார்ட்டூனின் பழைய தமிழ்க் குரல் எங்கே போச்சு? அருமனை வீட்டு அலமாரியில் ஏன் தேட வேண்டும்?

2025 செப்டம்பர் 12-ம் தேதி 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தபோது தமிழிலும் வந்தது. கிரன்ச்சிரோல் தளத்தில் 'சோலோ லெவலிங்' தமிழ் பேசுகிறது. ஜப்பான் கார்ட்டூன் இப்பதான் தமிழ் பேச ஆரம்பிச்சிருக்குன்னு கல்லூரிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுடைய அண்ணன்மாரைக் கேட்டால் சிரிப்பார்கள். போக்கிமான், ஷின்-சான், டோரேமான் எல்லாம் கேபிள் டிவியில் எப்பவோ தமிழ் பேசியாச்சு.

அந்த முதல் குரலை இன்றைக்குக் கேட்க முடியுமா என்பதுதான் கேள்வி. சில தொடர்கள் ஓடிடியில் தமிழில் இருக்கின்றன. ஆனால் முதன்முதலில் ஒளிபரப்பான அதே குரல்தானா, அல்லது பின்னால் மாற்றியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பொது ஆவணம் எதுவும் இல்லை. பேசியவர்கள் பெயரும் பெரும்பாலும் திரையில் வராது.

டப்பிங் எப்படித் தொலையும்?

சினிமா தொலைவதுபோல் இது தொலைவதில்லை. ஜப்பான் நிறுவனம் படத்தையும், இசையும் சத்தமும் மட்டும் உள்ள ஒலித்தடத்தையும் கொடுக்கும். இங்குள்ள ஸ்டூடியோ அதன்மேல் தமிழ் வசனத்தைப் பதியும். சேனலுக்குக் கிடைப்பது சில வருட ஒளிபரப்பு உரிமைதான். அது முடிந்ததும் தமிழ்த் தடம் யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு வரியில் இருக்கும். ஒளிபரப்ப உரிமை இல்லாத டேப்புக்கு அலமாரியில் இடம் எதற்கு என்று சேனல் நினைக்கும். தமிழ் தெரியாத ஜப்பான் நிறுவனம் அதைக் கேட்டு வாங்கவும் போவதில்லை. இப்படி நடுவில் விழுந்து காணாமல் போகிறது.

தொடர் வேறு சேனலுக்கு மாறினால் இன்னும் மோசம். போக்கிமான் இந்தியாவில் 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி, பிற்பாடு ஹங்காமாவுக்குப் போனது. பழைய சீசன்களுக்கே ஹிந்தியில் புதுக் குரல் போட்டார்கள். புதுசு வந்தபிறகு பழசைத் தேட ஆள் இல்லை. ஷின்-சான் கதை வேறு. 2006-ல் ஹங்காமாவில் வந்தது. 2008-ல் ஒளிபரப்பு அமைச்சகம் நிறுத்தியது. 2009-ல் காட்சிகளை வெட்டித் திரும்ப விட்டார்கள். வெட்டுவதற்கு முன் என்ன இருந்தது என்று அறிய, அன்றைக்கு யாராவது பதிந்து வைத்திருந்தால்தான் உண்டு.

சட்டம் கேட்கவில்லையா என்றால், கேட்கிறது: 90 நாள். ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திரு என்பது சேனல்களுக்கான அப்லிங்கிங் விதி. அதுவும் புகார் வந்தால் விசாரிக்கத்தான், பாதுகாக்க அல்ல.

ஆஸ்ட்ரோ பாய்க்கு நடந்தது

இது நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. ஒசாமு டெசூகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானில் தொடங்கியது. 193 எபிசோடுகளில் 104-ஐ ஃபிரெட் லாட் ஆங்கிலத்தில் ஆக்கினார், அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் விற்றது. உரிமைக்காலம் முடிந்ததும் மாஸ்டர் பிரதிகளைத் திருப்பிக்கொடுக்கப் பார்த்தார்கள். வாங்க வேண்டிய முஷி புரொடக்‌ஷன் 1973-ல் திவாலாகிவிட்டது. வாங்க ஆள் இல்லாத பெட்டிகளை அழித்துவிட்டார்கள். பின்னால் வீடியோவாக வெளியிட முன்வந்தவர்கள், அங்கங்கே தப்பிக் கிடந்த பிரதிகளைத் தேடித்தான் தொடரைச் சேர்க்க வேண்டியிருந்தது. பெரிய அமெரிக்க நிறுவனத்திடம் இருந்த ஆங்கில டப்பிங்குக்கே இந்தக் கதி என்றால், தமிழுக்கு என்ன பாதுகாப்பு?

பிபிசியும் 1960-களின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகளை அழித்தது. 2013-ல் 9 எபிசோடுகள் நைஜீரியாவில் கிடைத்தன. நமக்கு முக்கியமான செய்தி இன்னொன்று: படம் தொலைந்த எபிசோடுகளுக்கும் ஒலி இருக்கிறது. ரசிகர்கள் டிவி முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்திருந்தார்கள்.

நம் நிலைமை அதற்கு நேர் எதிர். படம் ஜப்பானில் பத்திரமாக இருக்கிறது. தொலைந்தது ஒலி மட்டும். அதனால் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பேச்சு கேட்டால் போதும், நல்ல படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆடியோ கேசட்டே போதும் என்கிற அளவுக்கு இது எளிது.

சரி, அருமனை எதுக்கு?

விளவங்கோடு பக்கத்து வீடுகளில் இதெல்லாம் இருக்க வாய்ப்பு அதிகம். வளைகுடாவுக்குப் போனவர்கள் விசிஆரும் டூ-இன்-ஒன்னும் கொண்டுவந்தார்கள். கல்யாணம், ஆலயத் திருவிழா பதிந்த கேசட்டின் மிச்சத்தில் பிள்ளைகள் கார்ட்டூன் பதிந்தார்கள். பிறகு டிவி டியூனர் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வந்தது. திருவனந்தபுரம் பக்கம் திருப்பிய ஆண்டெனாவில் மலையாளமும், கேபிளில் தமிழும் கேட்டு வளர்ந்த ஊர் இது. வீட்டில் 'வெள்ளம்' கேட்கிற பிள்ளை, கார்ட்டூனில் 'தண்ணி' கேட்டது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்த தாலுகாவில், சென்னைப் பக்கத்துப் பேச்சு பிள்ளைகளின் நாக்குக்கு வந்த வழிகளில் இதுவும் ஒன்று. "இதென்ன பெரிய இலக்கியமா?" என்று கேட்கலாம். பிள்ளைகளோடு தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

ஆனால் இங்கே காலம் குறைவு. இரண்டு பருவமழையும் பெய்கிற ரப்பர் காட்டு ஈரத்தில் டேப்பில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். போதாக்குறைக்கு, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய சாமான் வாங்க வருகிறவர் கையில் கேசட் மூட்டை போய்விடும்.

அரசு செய்ய வேண்டியது

1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். சினிமாவுக்கு 1964-லேயே புனேயில் ஆவணக்காப்பகம் வந்தது. தனியார் டிவிக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிரான்ஸ் 1992-லேயே வானொலி, டிவி நிகழ்ச்சிகளின் பிரதியைக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சட்டம் போட்டது. நிப்பான் அனிமேஷனின் 'ஜங்கிள் புக்' ஹிந்தியில் 1993-ல் தூர்தர்ஷனில் வந்து, 2020 ஏப்ரல் ஊரடங்கில் மறுபடி வந்ததே, எப்படி? பொதுத்துறை ஒளிபரப்பாளர் கையில் அது தப்பியிருந்தது.

90 நாள் விதியோடு, பிராந்திய மொழி டப்பிங்கின் ஒலித்தடத்தை மட்டுமாவது ஒரு காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று மத்திய அரசு சேர்க்கலாம். ஒலி மட்டும் என்பதால் இடமும் செலவும் கொஞ்சம்தான். ஓலைச்சுவடியும் பழைய நூலும் மின்வடிவாக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், வீட்டுப் பதிவுகளை வாங்கி வைக்க ஒரு பிரிவு தொடங்கலாம். உரிமைச் சிக்கல் உண்டுதான். பொதுவில் வெளியிடாமல், கேட்டு ஆராய மட்டும் வைப்பதில் சேனல்களுக்கு நஷ்டம் இல்லை.

வீட்டில் கேசட் இருந்தால் முதலில் டேப்பின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் பிளேயரில் போடாதீங்க. ஹெட் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஈரமில்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்வடிவாக்கம் செய்கிறவரிடம் கொடுங்கள். பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். குறைந்த விலை அடாப்டரில் அது இன்றைய லேப்டாப்பிலும் திறக்கும். விளம்பரத்தை வெட்டாதீர்கள், எந்த வருஷத்துப் பதிவு என்று காட்டிக்கொடுப்பது அதுதான். யூடியூபில் ஏற்றுவது உரிமைமீறல்; புகார் வந்தால் தூக்கிவிடுவார்கள், அதனால் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, தொடரின் பெயர், சேனல், வருஷம் எழுதி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.