தூசியை ஊதாதீங்க மக்களே!

பகல்ல பொட்டி தட்டுறது, ராத்திரி பாத்ரூம் ஜன்னல்ல கறுப்பு பேப்பர் ஒட்டிட்டு ஃபிலிம் கழுவுறது. அடியேன் பொழைப்பு இதுதான். சுருள் ஃபிலிம் இல்லைங்க, 4க்கு 5 அங்குல ஷீட் ஃபிலிம். ஒரு தாளுக்கு ஒரு படம். கும்மிருட்டுல தடவித் தடவி ஒவ்வொண்ணா ஹோல்டர்ல சொருகணும். இருட்டுல பண்ற வேலைக்கு வெளிச்சம்தான் எதிரின்னு நினைப்பீங்க. அதைக் கூட சமாளிச்சிடலாம். தூசி இருக்கே...

2023 பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்துல இருக்கிற ஆச்சி வீட்டைப் படம் எடுத்தேன். ஓட்டு வீடு. மாமாக்கள் பாகம் பிரிச்சு இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுதான் அவ்வளவு பெரிய கேமராவை சென்னையில இருந்து சுமந்துட்டுப் போனேன். திரும்பி வந்து பிரிண்ட் போட்டு பெரிய மாமாகிட்ட நீட்டினா, "என்ன மருமவனே, அன்னைக்கு இவ்ளோ காக்காயா பறந்துச்சு?"ங்கறார்.

காக்காவும் இல்ல, குருவியும் இல்ல. முந்தின நாள் ராத்திரி ஹோல்டர்களை ஆச்சியோட இலவம்பஞ்சு மெத்தை மேல பரப்பி வெச்சு, தலைக்கு மேல ஃபேனையும் சுத்த விட்டு, அப்புறம்தான் கறுப்புத் துணிப் பைக்குள்ள கையை விட்டு ஃபிலிம் ஏத்தினேன். புத்திசாலி! வைகாசிக்குள்ள வீட்டை இடிச்சாச்சு.

இங்கதான் பல பேர் குழம்பறாங்க. பிரிண்ட் போடும்போது நெகட்டிவ் மேல தூசி இருந்தா பேப்பர்ல வெள்ளைப் புள்ளி விழும். மெல்லிய பிரஷ்ஷால மை தொட்டு வெச்சு மறைச்சிடலாம். ஆனா படம் எடுக்கும்போதே ஃபிலிம் மேல தூசி உட்கார்ந்திருந்தா, அந்த இடத்துல வெளிச்சம் படாது. நெகட்டிவ்ல அது கண்ணாடி மாதிரி தெளிவா நிக்கும், பேப்பர்ல கறுப்புப் புள்ளி. கறுப்பை வெள்ளையாக்கணும்னா பிளேடால சுரண்டணும், இல்ல ரசாயனத்தால வெளுக்கணும். என் கைக்கு ரெண்டுமே வராது. ஆக, வெள்ளைப் புள்ளிக்குப் பயப்படாதீங்க. உங்க கவனமெல்லாம் ஃபிலிம் ஏத்துற அந்தப் பத்து நிமிஷத்துல இருக்கட்டும்.

அதுக்கு நம்மாளுங்க உடனே வாங்கறது ஊதுற பம்ப். எனக்கு அதுல நம்பிக்கையே இல்லை. பாத்ரூமுக்குள்ள ஊதின தூசி எங்க போகும்? கொஞ்ச நேரம் காத்துல மிதந்துட்டு மறுபடி ஃபிலிம் மேலயே இறங்கும். வாசல் பெருக்கறதுக்கு முன்னாடி ஆச்சி என்ன பண்ணுவாங்க? தண்ணி தெளிப்பாங்க. அதே சங்கதிதான். நான் இப்ப வெந்நீர் ஷவரைத் திறந்து விட்டு, சுவர் நனைஞ்சதும் மூடிட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ள விடறதில்லை (வீட்டுல வாங்கற திட்டு தனிக் கதை). ஈரத்துல தூசி கீழ இறங்கிடும். மேடையை மட்டும் நல்லா துடைச்சுக் காய வெச்சுக்கணும், ஃபிலிம்ல சொட்டு பட்டா அது வேற வம்பு. ஃபேன் கூடாது. பருத்தி பனியனும் கூடாது, நூல் உதிரும். வெத்து உடம்போட வேர்த்துக்கிட்டே ஏத்தறேன், கேவலமாத்தான் இருக்கும். ஹோல்டரை மட்டும் முந்தின நாளே வேற ரூம்ல வேக்குவம் கிளீனரால உறிஞ்சிடணும், முக்கியமா தகடு நுழையுற அந்த வெல்வெட் பட்டையை. ஏத்தி முடிச்சதும் ஜிப் வெச்ச பிளாஸ்டிக் கவர். எடுக்கிற இடத்துல தகட்டை சரக்குனு இழுக்காம மெதுவா உருவணும். வேகமா உரசினா மின்சாரம் உண்டாகி அதுவே தூசியை இழுக்கும். காத்து காய்ஞ்சு கிடக்கிற ஏசி ரூம்ல இது இன்னும் மோசம்.

"ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டுப் போயேன்பா, நீ சாஃப்ட்வேர்காரன்தானே?"னு ஆபீஸ் நண்பன் கேட்டான். ஸ்கேனர்ல அகச்சிவப்புக் கதிரை வெச்சு தூசியைக் கண்டுபிடிக்கிற வசதி கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஒத்து வராது, அதுல இருக்கிற வெள்ளியே அந்தக் கதிரை மறிச்சிடும். அதனால ஒவ்வொரு புள்ளியா கையாலதான் அழிச்சேன். வானத்துல இருந்த காக்காயெல்லாம் ஒரு மணி நேரத்துல காலி. ஆனா மச்சு ஜன்னல் மேல ஒரு நீளமான பஞ்சு இழை விழுந்திருந்துச்சு. அதுக்கு அடியில கம்பி இருந்துச்சா, உடைஞ்ச கண்ணாடியா? அம்மாவைக் கேட்டேன், மாமாவைக் கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பக்கத்து ஜன்னல்ல இருந்து ஒரு கம்பியை எடுத்து ஒட்டி வெச்சிருக்கேன்.