கதிரை அடுக்கவா, கதிரையில் இருக்கவா?

தோழர்களே,

புதுத் தவணை தொடங்குது. எங்கட வளாகக் குழுக்கள் திரும்பவும் ஆள் தேடப் போகின்றன. அதற்கு முதல் நான் ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வேணும்.

நான் முன்னம் இருந்த குழுவுக்கு மதுரையிலிருந்து படிக்க வந்த ஒரு தோழி வந்தா. ஊரில் மாணவர் சங்கத்தில் வேலை செய்தவ. நாங்கள் அவவிடம் கேட்டதெல்லாம் கதிரை அடுக்கவும் சாப்பாடு பரிமாறவும்தான். செயற்குழு கூடுவது வியாழன் பின்னேரம். அவவுக்கு அப்ப ஷிஃப்ட். "சண்டே வச்சா வர்றேன்க்கா" என்றா. நாங்கள் மாற்றவில்லை. இரண்டு மாதத்தில் அவ வாறதை நிப்பாட்டிட்டா. சர்வதேச மாணவர்களுக்கு அரசியலில் ஆர்வமில்லை என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம்.

அது பொய். 2021இல் பிராம்ப்டனில் பஞ்சாபி மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க்கைக் கட்டினார்கள். சம்பளம் தராத முதலாளிகளின் வீட்டு வாசலில் போய் நின்று காசை வாங்கினார்கள். 2023இல், போலி அனுமதிக் கடிதங்களால் நாடுகடத்தப்பட இருந்த மாணவர்கள் மிசிசாகாவில் இரவு பகலாக வீதியோரம் இருந்தார்கள். கடைசியில் ஒட்டாவா ஒவ்வொருவரின் கோப்பையும் தனித்தனியாக ஆராய ஒத்துக்கொண்டது. இவர்கள் எங்கட அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை.

ஆகவே தேவை இன்னொரு தலைமைத்துவப் பட்டறை அல்ல. பொறுப்பைக் கையில் கொடுக்க வேணும்.

முதலில், அவர்களின் ஷிஃப்டைக் கேட்டுவிட்டுக் கூட்ட நேரத்தை முடிவு செய்யுங்கோ. எங்களைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வர ஏலாது.

இரண்டாவது, சம்பளமுள்ள பதவிகளுக்கு அவர்களைக் கேளுங்கோ. தவணைக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். வளாகத்துக்குள் செய்யும் வேலை அந்தக் கணக்கில் சேராது; மாணவர் அமைப்பு தரும் வேலையும் அதில் அடங்கும். இது பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, முடிவெடுப்பது வேறு, பொலிசுக்கு முன்னால் நிற்பது வேறு. 2009இல் எங்கட அண்ணாமார் அக்காமார் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறினபோது பலரிடம் கனடியக் கடவுச்சீட்டு இருந்தது. படிப்பு அனுமதியில் இருப்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. திட்டத்தை அவர்கள் போடட்டும். கைதாகக்கூடிய இடத்தில் நாங்கள் முன்னுக்கு நிற்போம்.

இந்தக் கிழமை உங்கட செயற்குழுப் பட்டியலை எடுத்துப் பாருங்கோ. படிப்பு அனுமதியில் வந்தவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லையென்றால், உங்கட கதிரையிலிருந்தே தொடங்குங்கோ. அடுக்குகிற வேலையை நாங்கள் பார்ப்போம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக