விற்றவன் எங்கே? வாங்கியவன் எங்கே?

வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் மூன்று அதிகாரங்களையும் 92, 93, 94 என ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தார் திருவள்ளுவர். அவற்றை அவர் வைத்த இடம் அறத்துப்பால் அன்று. அரசும் அமைச்சும் நாடும் படையும் பேசப்படுகின்ற பொருட்பால். உடல்விலையும் கள்ளும் தனியொருவனின் ஒழுக்கக்கேட்டோடு முடிவன அல்ல. ஒரு நாட்டின் பொருளையும் ஆட்சியையும் அரித்துத் தின்பன. இதற்கு இவ்வைப்புமுறையினும் தெளிந்த சான்று வேண்டுமோ? இன்றைய குமுகாயமோ குடித்து விழுந்தவனைப் பழிக்கிறது. விலைபேசப்பட்ட பெண்ணைத் தூற்றுகிறது. விற்றுப் பொருளீட்டியவனையும் விலைகொடுத்து வாங்க வந்தவனையும் கேளாமலே விட்டுவிடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் வறண்ட நிலத்தில் நின்று பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். கரிசலும் வானம் பார்த்த புன்செய்யுமே அம்மண்ணின் வாழ்வு. குண்டாற்றில் நீரோடும் நாள்கள் சில. மணல் காயும் நாள்கள் பல. மழை பொய்த்த ஆண்டில் உழவன் மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் கூலியாகப் புறப்படுகிறான். நகரங்களின் சீர்கேடு என்று எழுதப்படுவனவற்றுக்கெல்லாம் தீனியாவோர் இத்தகைய காய்ந்த ஊர்களின் மக்களே. நகரில் ஈட்டிய கூலி ஊர் திரும்புமுன் மதுக்கடையில் கரைகிறது. கடன் மட்டும் வீடு வந்து சேர்கிறது. நிலம் கைவிட்ட குடும்பங்கள் நம்பியிருக்கும் ஒரே விளைச்சல் மகளின் கல்வி.

அக்கல்வியின் வாயிலிலும் தரகுக்குரல் கேட்டது. 2018-ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியர் மாணவியர் நால்வரிடம் தொலைபேசியில் பேசினார். பல்கலைக்கழகத்து உயர்நிலையினர்க்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிட்டும் என்பதே அப்பேச்சின் பிழிவு. மாணவியர் மறுத்தனர். பதிவுற்றிருந்த அவ்வுரையாடல் நாடெங்கும் ஒலித்தது. அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் அவர் கைதானார். ஆறாண்டுகள் கழித்து, 2024 ஏப்பிரல் 30-இல், திருவில்லிபுத்தூர் மகளிர் வழக்குமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பெற்ற இருவர் விடுவிக்கப்பெற்றனர். தரகு பேசிய வாய்க்குத் தண்டனை கிடைத்தது; எவர்க்காகப் பேசப்பட்டது என்னும் வினாவுக்கு எவரும் தண்டனை பெறவில்லை!

இது புதுமையன்று. 1956-இல் நடுவணரசு இயற்றிய உடல்விலை வாணிகத் தடுப்புச் சட்டம் தரகரையும் விடுதி நடத்துவோரையும் தண்டிக்கிறது. தெருவில் நின்று அழைத்த பெண்ணையும் தண்டிக்கிறது. விலைகொடுத்தவனைப் பெரும்பாலும் தப்பவிடுகிறது. முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இவ்வாறு எண்ணியவர்கள் அல்லர். பெண்ணைக் கோயிலின் பெயரால் விலைக்கு நிறுத்திய ஏற்பாட்டையே அவர்கள் குற்றக்கூண்டில் ஏற்றினர். 1947-இல் வந்த தேவரடியார் முறை ஒழிப்புச் சட்டம் அப்போராட்டத்தின் பயன்.

கள்ளின் கதையில் விற்பவனைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் போனது. 1983-இல் மது வாணிகத்துக்கென்றே அரசு ஒரு கழகத்தைத் தொடங்கியது. 2003-இல் தெருக்கடை விற்பனையையும் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆட்சிகள் மாறின, கொள்கைகள் மாறின, கொடிகள் மாறின, கடை மட்டும் மாறவில்லை.

2023-24-இல் மதுவால் தமிழ்நாட்டரசு பெற்ற வருவாய் 45,855 கோடி உருபா. அதே 2023-இல் மகளிர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா உரிமைத்தொகை தொடங்கிற்று. ஒரு கோடியே பதினைந்து இலக்கம் மகளிர்க்கு ஓராண்டு கொடுத்தாலும் அது ஏறத்தாழ 13,800 கோடியே. கணவன் கையிலிருந்து மூன்று பங்குக்கு மேல் வாங்கி, மனைவி கையில் ஒரு பங்கு கொடுப்பது கொடையா, கணக்கா? திருச்சுழியின் கூலிக்காரி அவ்வாயிரத்தைப் பெற்று வீடு திரும்புமுன், அவள் வீட்டுப் பணம் வேறு வழியில் கருவூலம் சேர்ந்துவிடுகிறதே!

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார் ஆள்வோர். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அன்று அரசின் கடைகள் திறந்துதானே இருந்தன? மலிவு தேடும் ஏழையைத் திறந்த கடை காக்கவில்லை. குடிக்கப் பழக்கிவிட்டு, கைப்பணம் குறைந்தபோது நஞ்சிடம் அனுப்பிவைத்தது. கள்ளச்சாராயத்தை ஒடுக்குவது காவலின் கடமை. அக்கடமையில் தவறியதையே கடை நடத்துதற்குக் காரணமாகக் காட்டுவது எவ்வகை நேர்மை?

தமிழ்மக்களே! ஒழுக்கவுரைகளை ஏழையின் வாயிலில் மட்டும் படித்தது போதும். ஊர்மன்றங்கள் கூடி வேண்டா என்று தீர்மானித்த இடத்தில் கடை நிற்கலாகாது. ஒவ்வோர் ஊரின் கடையும் ஆண்டுதோறும் அவ்வூரிலிருந்து எவ்வளவு எடுத்தது என்பதை அவ்வூர்ப் பலகையிலேயே எழுதுக. பெண்ணுடலை விலைபேசும் வழக்குகளில் வாங்க வந்தவன் எவ்வுயர்ந்த இருக்கையில் இருந்தாலும் அவனையே முதற்குற்றவாளியாக்குக. குண்டாற்று நிலத்துக்கு நீரும், அந்நிலத்து இளைஞர்க்கு ஊரிலேயே தொழிலும் தருக.

அருப்புக்கோட்டையின் நான்கு மாணவியர் அதிகாரத்தின் முன் நின்று மறுத்தனர். அத்துணிவில் பாதியேனும் ஆள்வோர்க்கு இருந்திருந்தால், கள்விலையில் கருவூலம் நிரப்பும் இழிவு தமிழ்நாட்டுக்கு நேர்ந்திராது.