பொத்தானுக்குப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு இணையத்தளங்கள் மாற்றுத்திறனாளிகளைக் கைவிடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை முற்றிலும் உண்மை. பலெர்மோவில் அல்பெர்கேரியாவிலுள்ள எங்கள் வீட்டிலேயே அதைப் பார்க்கிறோம்.

பார்வையற்ற என் அண்ணா கைபேசியின் திரைவாசிப்பானை நம்பித்தான் எல்லாம் செய்கிறார். பொது அலுவலகம் ஒன்றின் தளத்தில் சந்திப்பு நேரம் பதியப் போனபோது, திரைவாசிப்பான் “புல்சாந்தே, புல்சாந்தே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. பொத்தான், பொத்தான்! எது எதற்கு என்று பெயரிடவில்லை. கடைசியில் தளம் படத்திலுள்ள எழுத்துகளைத் தட்டச்சிடச் சொன்னது. அவற்றைப் பார்க்க முடியாததால், நான் நிரப்பித் தருவதற்காக அண்ணா தன் கடவுச்சொல்லை என்னிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு அவர் எவ்வளவு கூசினார் என்று எனக்குத் தெரியும்.

இத்தாலியில் இதற்கென்றே 2004ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஸ்டாங்கா சட்டம், இருக்கிறது. பொதுத்துறைத் தளங்கள் அணுகல்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும். பெரும்பாலும் அது பக்கத்தின் அடியில் இருக்கும். அதிலுள்ள வழியில் குறையை எழுதலாம். 30 நாள்களில் தக்க பதில் வராவிட்டால் அஜிட் என்ற அரசு டிஜிட்டல் முகமையிடம் முறையிடலாம்.

இந்த முறைப்பாட்டு வழியைத் தமிழில் படிப்படியாக எழுதி வெளியிடுங்கள். பார்வையுள்ள உறவினர்களே, படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுப்பதோடு விட்டுவிடாதீர்கள்; முறைப்பாட்டையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்பெர்கேரியா, பலெர்மோ