ஆறாத குதிக்கால் உளைவும் இரத்தத்தின் கொழுப்பும்

வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களுக்கு நாம் செல்லும்போது பேச்சு விதைநெல்லில் தொடங்கும்; உரமானியம், குளத்து நீர், யானை வேலி என்று நீளும். விடைபெற எழும் நேரத்திலேதான் யாராவது ஒருவர் காலைத் தடவியபடி சொல்வார்: “காலத்தால எழும்பினா குதியை ஊண்ட ஏலாமக் கிடக்கு, பாதர். ரெண்டு வருசமா இதே உளைவுதான்.” பக்கத்தில் நிற்பவர் உடனே, “வரம்பு கட்டின உடம்புதானே, வேலை நோ” என்று முடித்துவிடுவார். பின்னர் எண்ணெய் பூசுவதும், கடையில் நோ மாத்திரை வாங்கி விழுங்குவதுமாகக் காலம் கழிகின்றது.

வேலை நோ என்பது பொய்யல்ல. ஆயினும் அது முழு உண்மையும் அல்ல என்பதே நமது கருத்து. மாதக்கணக்கில் ஆறாத குதிக்கால் நோவும் தோள் நோவும் இரத்தத்திலுள்ள கொழுப்பைப் பற்றி உடல் நமக்குத் தரும் முன்னறிவித்தலாகவும் இருக்கக்கூடும். அதனைக் கேளாமல் விட்டால் நாளை இருதயம் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

நாணும் கொழுப்பும்

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான வெள்ளைக் கயிறு போன்ற பகுதியைத் தசைநாண் என்பர். பேச்சு வழக்கில் நாம் அதனையும் நரம்பு என்றே சொல்லிவிடுகின்றோம். குதியின் பின்புறத்தில், கையால் பிடித்துப் பார்க்கக்கூடியதாக இருப்பது உடலிலேயே மிகத் தடித்த நாண். மண்வெட்டி ஓங்கும் தோளிலும் கத்தி பிடிக்கும் கையின் முழங்கையிலும் இத்தகைய நாண்கள் உள்ளன.

“கெட்ட கொலஸ்ரோல்” எனப்படும் எல்.டி.எல். இரத்தத்தில் மிஞ்சும்போது அது இருதயத்தின் குழாய்ச் சுவர்களில் மாத்திரம் படிவதில்லை, தசைநாண்களுக்குள்ளும் கசிகின்றது. அதனை அகற்ற வரும் பாதுகாப்புக் கலங்கள் கொழுப்பை விழுங்கி, அங்கேயே தங்கிவிடுகின்றன. நாண் தடிக்கின்றது, அதன் நார்கள் பலம் குறைகின்றன.

இதனைத் தெளிவாகக் காட்டுவது பரம்பரைக் கொலஸ்ரோல் நோயாகும். உலகில் சுமார் 300 பேரில் ஒருவர் இக்குறைபாட்டுடன் பிறக்கின்றார். கலங்கள் எல்.டி.எல்.ஐ இரத்தத்திலிருந்து எவ்வாறு உள்வாங்குகின்றன என்பதைக் கண்டறிந்த பிறவுண், கோல்ட்ஸ்ரைன் என்னும் அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயுள்ள 133 பேரை இங்கிலாந்தில் விசாரித்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் குதிநாண் நோவால் வருந்தியிருந்தமை தெரியவந்தது. நோயற்றவர்களில் 100க்கு 7 பேரே அவ்வாறு வருந்தியிருந்தனர்.

இந்தப் பரம்பரை நோய் இல்லாதவர்களின் நிலை என்ன? 2015இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். நாண் நோவோ நாண் பழுதோ உள்ளவர்களிடம் மொத்தக் கொலஸ்ரோலும், எல்.டி.எல்.உம், ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பும் கூடியிருந்தன. நல்ல கொலஸ்ரோலாகிய எச்.டி.எல். குறைந்திருந்தது. இவை இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் இதன் பொருள். நோவுள்ள எல்லோருக்கும் கொழுப்பு உண்டென்றோ, கொழுப்பைக் குறைத்தால் நோ உடனே மாறுமென்றோ எவரும் எண்ணிவிடலாகாது. ஆனால் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க இது போதிய காரணமாகும்.

“எங்களுக்கேது கொழுப்பு?”

“இறைச்சியும் பட்டரும் தின்கிறவருக்கல்லவா கொழுப்பு? சோறும் கறியும் தின்கிற எங்களுக்கு ஏது?” என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் உடலின் தேவைக்கு மிஞ்சிய மாவையும் சீனியையும் ஈரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றிவிடுகின்றது. சாராயமும் கசிப்பும் அதனை இன்னும் ஏற்றும். ட்ரைகிளிசரைட் கூடி எச்.டி.எல். குறைந்திருப்பது தெற்காசிய மக்களிடம் பரவலாகக் காணப்படும் நிலை. மெலிந்தவரிடமும் அது இருக்கலாம்.

2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் வாவியைக் கடந்து வந்ததை நாம் மறக்கவில்லை. முகாம்களில் கிடைத்த நிவாரணம் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். பசியைத் தீர்த்த அந்த உணவை நாம் பழிக்கவில்லை. ஆனால் வயலும் தோட்டமும் ஆற்று மீனும் கீரையும் இன்றி, வேலையும் இன்றி, மாதக்கணக்கில் அதனையே உண்டு உடல் சோர்ந்திருந்தது. பின்னர் ஊர் திரும்பியதும் காடேறிய வயலை ஒரே மாரியில் வெட்டித் திருத்தினோம். பழக்கம் விட்டுப்போன நாணுக்குச் சடுதியாக ஏறும் பாரமே பெரும் பகை. இன்றைக்கும் இடம்பெயர்ந்த இடத்தில் கூலி வேலை கிடைத்தால் ஓட்டம், இல்லையேல் முடக்கம் என்று வாழ்கின்ற குடும்பங்களின் நிலை இதுவே.

என்ன செய்யலாம்?

முதலாவது, மூன்று மாதத்திற்கு மேல் ஆறாத நாண் நோவிருந்தால், “எனக்கு இரத்தக் கொழுப்பும் சீனியும் சோதிக்க வேண்டும்” என்று வைத்தியரிடம் வாய்திறந்து கேளுங்கள். சீனி வியாதியும் தோள் நாண்களைப் பாதிக்கும். 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் தொற்றா நோய்களைக் கண்டறியும் நிலையங்கள் அமைக்கப்பட்டு, 35 வயதைத் தாண்டியோர் இலவசமாகச் சோதிக்கப்படுகின்றனர். இது உங்கள் உரிமை. முதல்நாள் இரவுச் சாப்பாட்டின் பின் தண்ணீர் மாத்திரம் குடித்துவிட்டுச் செல்வது நல்லது.

இரண்டாவது, எல்.டி.எல். ஒரு டெசிலீற்றருக்கு 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலோ, குதிநாண் தடித்துக் கட்டியாக இருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, பிள்ளைகளையும் சகோதரரையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்குப் பரம்பரை நோயிருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. மச்சான் மச்சாள் முறையில் மணம்செய்யும் நமது குடும்பங்களில் தாய் தகப்பன் இருவருக்கும் இருந்துவிட்டால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு அது மிகக் கடுமையாக வரும். மருந்து உண்டு, நேரத்தோடு தொடங்கினால் உயிர் காக்கும்.

மூன்றாவது, நாணை முற்றாக ஓய்வில் வைப்பது மருந்தாகாது. 1998இல் சுவீடனில் நாட்பட்ட குதிநாண் நோவுள்ள 15 ஓட்டக்காரர்களுக்கு ஓர் எளிய பயிற்சி கொடுக்கப்பட்டது. படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, குதியை மெதுவாகக் கீழே இறக்குவதே அது. 12 வாரங்கள், நாளுக்கு இருதடவை செய்தார்கள். எல்லோரும் மீண்டும் ஓடினார்கள். நமக்கு வாசற்படி போதும். வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ முறையைக் கேட்டுச் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். சடுதியாக “டக்” என்று அறுந்தது போலாகி, விரல் நுனியில் நிற்க ஏலாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நான்காவது, நோ மாத்திரையை வருடக்கணக்கில் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். அது குடலைப் புண்ணாக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நமது பொறுப்பு

அபிவிருத்திப் பணி செய்கின்ற நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டிய கிணறுகளையும், வேய்ந்த கூரைகளையும், கொடுத்த ஆடுகளையும் எண்ணினோம். அவற்றைக் கொண்டு பிழைக்க வேண்டிய மனிதரின் காலையும் தோளையும் கேட்டறியவில்லை. காணியை இழந்த விவசாயிக்கு எஞ்சிய ஒரே முதல் அவருடைய உடம்பு அல்லவா?

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் பாதைக்குக் காத்திருக்கும் காலம் போயிற்று. எனினும் நாட்கூலியை இழந்து, வெறுவயிற்றில் பஸ் ஏறி நகருக்கு வருவது இன்றும் எளிதன்று. ஆகவே முன்மாரி வெள்ளாமை தொடங்குமுன் ஒருநாள் கிராமத்திலேயே இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் ஒழுங்கைச் சுகாதாரப் பகுதியினர் செய்யவேண்டும். மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் எழுத்தில் கேட்டால் அது நடக்கும். அக்கடிதத்தை எழுதுவதில் துணைநிற்பது நமது கடமை.

கடைசியாக ஒன்று. ஓடவேண்டி வந்த நாட்களில் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்து வந்தவர்கள் நீங்கள். இனி அந்தப் பைக்குள் கிளினிக் கொப்பியும் இரத்தச் சோதனைத் துண்டும் இருக்கட்டும். காணி மீண்டும் கிடைக்கும் நாளில் அதனை உழுவதற்கு உரமான கால்களும் வேண்டும்.