எரிகொள்ளிக்குச் சாந்தியா?

அனந்தபுரத்தில் நாம் தங்கியிருந்த ஒரு இரவு, பெரிய நெருப்புக் கோளம் ஒன்று செஞ்சி மலைப் பக்கமாக ஓடி மறைந்தது. தெருவெல்லாம் நிலாப் போல் வெளிச்சம். மூன்று நான்கு வினாடிதான். நமக்கு அது கண்கொள்ளாக் காட்சி. ஊராருக்கோ தூக்கம் போயிற்று. மறதி வருமென்று பச்சை மரத்தைத் தேடினவர் சிலர். பெரிய மனிதர் யாருக்கோ சாவு என்றவர் சிலர். மறுநாள் ஒரு ஜோசியர், காய்ச்சலாய்க் கிடந்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய், "இது உங்களுக்கு வந்த குறி, சாந்தி கழியுங்கள்" என்றாராம். வீட்டிலிருந்த பணம் அதற்குப் போய்விட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வாடகைக்குக் கடன் வாங்கினார்கள். நமக்குக் கோபமெல்லாம் இதில்தான்.

தோழர்களே! விழுந்தது நட்சத்திரமா? நட்சத்திரமென்பது சூரியனைப் போன்றது. அது இங்கே விழுவதாயிருந்தால் அனந்தபுரமும் இராது, சாந்தி செய்ய ஜோசியரும் இரார். ஆகாயத்தில் சுற்றும் சிறு கல், வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றுக்குள் பாய்கிறது. எதிரே உள்ள காற்று நெருக்குண்டு கொதிக்க, கல்லும் உருகி ஒளி விடுகிறது. பெரும்பாலும் தரைக்கு வருமுன்பே தீர்ந்து போகும். தீராதது கல்லாக விழும். 2008 செப்டம்பர் 12-ந் தேதி காலையில் கிருஷ்ணகிரி ஜில்லா சூளகிரிப் பக்கம் அப்படித்தான் விழுந்தது. கிடைத்த கற்கள் சுமார் 110 கிலோ. ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்துப் பார்த்ததில் கல்தான் இருந்தது, யாருடைய ஜாதகமும் இல்லை.

நம் பழந்தமிழரும் இதற்கு விலக்கல்ல. புறநானூற்று 229-ஆம் பாட்டில் கூடலூர்கிழார், வானத்து மீன் விழக் கண்டு அரசனுக்கு என்னாகுமோ என்று அஞ்சியதையும், ஏழாம் நாள் அவன் இறந்ததையும் பாடியிருக்கிறார். தமிழ்ப் பாட்டு என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டுமா? பூமி முழுவதும் தினம் ஆயிரக்கணக்கான நெருப்புக் கோளங்கள் எரிகின்றன. பெரும்பாலும் கடல்மீதும் பகலிலும் ஆனதால் கண்ணில் படுவதில்லை. ஒன்றுக்கு ஒரு அரசன் வீதம் சாவதானால் ஒரே வாரத்தில் அரசப் பூண்டே அற்றிருக்கும். (அதற்காக நாம் வருத்தப்பட்டிருக்க மாட்டோம் என்பது வேறு சங்கதி.)

வருஷந்தோறும் டிசம்பர் 13, 14 இரவுகளில் எரிகற்கள் கூட்டமாய் வருமென்று வானநூலார் முன்கூட்டியே சொல்லுகிறார்கள், வந்தும் விடுகின்றன. ஜோசியர், அவற்றால் சாகப் போகிறவர்கள் பெயரை முந்தின நாளே எழுதிக் கொடுப்பாரா?

அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரி மருந்தில் தேறி, இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சாந்தியால்தான் பிழைத்தார் என்று ஜோசியர் சொல்லித் திரிகிறாராம். "அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா அய்யா?" என்று பெரியவர் நம்மைக் கேட்டார். தாராளமாய்க் கேளுங்கள், நாமும் கூட வருகிறோம் என்றோம்.