அம்பியூலன்ஸ்களின் வெளி விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றுவது: எமது நிலைப்பாடு



எமது அம்பியூலன்ஸ்களின் வெளி விளக்குகள் பற்றி மூன்று கிழமைகளாகச் சம்மாந்துறையில் நடக்கும் பேச்சு உறுப்பினர்கள் எல்லோரும் அறிந்ததே. இரு வேன்களின் எல்.ஈ.டி. முன் விளக்குகளை யார் வாங்கித் தந்தார்கள், யாரைக் கேட்டுப் பூட்டினார்கள், மாவடிப்பள்ளி வீதியில் ஒருவர் சைக்கிளோடு விழுந்த இரவு நடந்தது என்ன என்பதையெல்லாம் மறுபடி இங்கே எழுதத் தேவையில்லை. செயற்குழு இரண்டு தடவை கூடியது. இரண்டாவது கூட்டம் இஷாவுக்குப் பிறகு தொடங்கி நள்ளிரவைத் தாண்டியது. இவ்வறிக்கையின் ஒவ்வொரு வசனத்தோடும் எல்லோரும் உடன்பட்டார்கள் என்று சொல்லமாட்டோம். முன் விளக்கு பற்றிய பகுதிக்கு மட்டும் எதிராக ஒரு கையும் உயரவில்லை.

பழைய பல்புகளை எல்.ஈ.டி.க்கு மாற்றுவதை நாம் கொள்கையளவில் ஆதரிக்கிறோம். கூரையில் சுழலும் விளக்கு, பின் விளக்கு, பிரேக் லைட், சிக்னல், பின்கதவுக்கு மேலுள்ள வேலை விளக்கு எல்லாம் மாறலாம். நிதி கிடைக்கும் ஒழுங்கில் மாறவும் வேண்டும். முன் விளக்கு மாறக் கூடாது. ஹெலஜன் பல்புக்கென்று செய்யப்பட்ட ஹெட் லைட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பைச் செருகுவதை முற்றாக எதிர்க்கிறோம்.

மாற்றம் ஏன் தேவை என்பதில் சர்ச்சை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்த பிறகும் புது வாகனத்தின் விலைக்கு எம்மால் கிட்டப் போக முடியவில்லை. 2021 மார்ச்சுக்குப் பிறகு ஓட்டமாவடிக்குக் கொவிட் ஜனாஸா ஏற்றிய அதே பழைய டொல்பின் வேன்கள்தான் இன்றும் மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் மஹரகமவுக்கும் ஓடுகின்றன. கூரையில் நான்கு சுழல் விளக்குகள், ஒவ்வொன்றும் 55 வோட். நான்கும் எரிந்தால் பெட்டரியிலிருந்து ஏறக்குறைய 18 அம்பியர் போகிறது. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஏசியும் சளி உறிஞ்சும் கருவியும் வேலை செய்யும்போது ஒல்டர்நேட்டரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. வேனைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிய அனுபவம் சாரதிகள் எல்லோருக்கும் உண்டு. எல்.ஈ.டி. இந்தச் சுமையைப் பெரிதும் குறைக்கும். கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிப்போகும் மோட்டர்களின் தொல்லையும் அதோடு ஒழியும்.

பின் விளக்குகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் பிரேக் லைட் மங்கிய ரோஸ் நிறமாகத்தான் தெரியும். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள் என்றே வாங்க வேண்டும். 21 வோட் பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போட்டால், பல்ப் எரிந்துபோனதாக நினைத்து பிளாஷர் படபடவென்று அடிக்கும். அதற்குரிய பிளாஷரையே மாற்ற வேண்டும். கடையில் சொல்லும் ரெசிஸ்டரைப் பூட்டினால் அது கொதிக்கும், மிச்சம் பிடித்த மின்சாரமும் சூடாகவே போய்விடும்.

இனி முன் விளக்கு.

எமது வாகனங்களில் இருப்பது எச்4 வகை. ஒரே பல்புக்குள் இரண்டு இழை: ஹெட்டுக்கு 60 வோட், டிம்முக்கு 55 வோட். டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு தகட்டுக் கிண்ணம் இருக்கிறது. எதிரே வருபவரின் கண்ணுக்கு ஒளி ஏறாமல் மறைப்பது அதுதான். பின்னாலுள்ள பளபளப்பான குழியும் அந்த இழை நிற்கும் இடத்தை மில்லிமீற்றர் கணக்கில் பார்த்து வளைக்கப்பட்டது. இழை இருந்த இடத்தில் தட்டையான எல்.ஈ.டி. சில்லுகளை வைத்தால் ஒளி கண்டபடி சிதறும். டிம் போட்டாலும் அது டிம் இல்லை. சாரதிக்குத் தன் மூக்குக்கு முன்னால் வீதி பளிச்சென்று தெரிவதால் நல்ல வெளிச்சம் என்று தோன்றும். கிட்டத்துப் பளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டதால், தூரத்தில் நிற்கும் மாடு அவருக்கு முன்னையதைவிடப் பிந்தியே தெரியும். எல்.ஈ.டி. பல்பின் பெட்டியில் 20,000 லூமன் என்று அச்சடித்திருக்கிறார்கள். நல்ல எச்4 பல்பின் டிம் இழை தருவதே ஏறக்குறைய 1,000 லூமன்தான். அந்தப் பெட்டியை மேசையில் வைத்து இதுதான் நவீனம் என்று சிலர் எமக்குப் பாடம் எடுத்தார்கள்.

நவீனமான நாடுகள் என்ன செய்கின்றன என்பதையும் பார்த்தோம். ஹெலஜன் ஹெட் லைட்டுக்குள் எல்.ஈ.டி. பூட்டிய வேனை பிரித்தானியா 2021 ஜனவரியிலிருந்து வருடாந்தப் பரிசோதனையில் சித்தியடைய விடுவதில்லை. ஜேர்மனி 2020இல் ஒரு கம்பனியின் மாற்று எல்.ஈ.டி. பல்புக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் ஒவ்வொரு வாகன மாதிரியாகப் பரிசோதித்து, பட்டியலில் பெயர் உள்ளவற்றுக்கு மட்டும். எமது டொல்பினை யார் பரிசோதித்தார்கள்?

காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளி தாண்டி ஊருக்குள் வரும்வரை இரு பக்கமும் வயல் வட்டைதான் என்பதை எம் உறுப்பினர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் அந்த வீதியின் இரவு எப்படி இருக்கும்? பின் விளக்கே இல்லாத லேண்ட்மாஸ்டர், பாதி வீதியை அடைத்துக்கொண்டு வரும் வெட்டு மெசின், ஓரத்தில் காயும் நெல், நெல்லுக்குக் காவலாகப் பக்கத்திலேயே படுத்திருக்கும் ஆள், டோர்ச் ஒன்றைக் கையில் பிடித்தபடி சைக்கிளில் போகும் முல்லைக்காரர். கூசிய கண்ணுக்குப் பார்வை திரும்பச் சில வினாடிகள் பிடிக்கும். வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். எதிரே வந்த அம்பியூலன்ஸின் வெளிச்சத்தில் வீதி எது, கான் எது என்று தெரியாமல் அன்றிரவு சைக்கிளோடு விழுந்தவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும் அதே அம்பியூலன்ஸ்தான். இதை நிதானமாக எழுதுவது எப்படி என்று எமக்குத் தெரியவில்லை. அவருடைய குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறோம். அது போதாது என்பதும் எமக்குத் தெரியும்.

எமது சாரதிகள் தவறு செய்தார்கள் என்று சொல்லவில்லை. இருட்டில் வீதி தெரியவில்லை என்று இரண்டு வருடமாக முறையிட்டவர்கள் அவர்கள்தான். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் பனிமூட்டத்துக்குள் நோயாளியோடு ஏறுபவரின் முறைப்பாட்டைத் தட்டிக்கழித்தது செயற்குழுவின் பிழை; அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மருந்து வேறு. எமது வாகனங்களின் ஹெட் லைட் கண்ணாடி மஞ்சளித்துப்போயிருக்கிறது, உள்குழி கறுத்துப்போயிருக்கிறது, வயர்களுக்கு வேனின் வயது. பல்புக்குப் போகும் மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தால் ஹெலஜனின் வெளிச்சம் முப்பது வீதமளவு குறைந்துவிடும். பெட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ரிலேயும் போட்டு, ஹெட் லைட்டை முழுதாக மாற்றி, சுவருக்கு முன்னால் நிறுத்தி மட்டம் பார்த்தால் பழைய 55 வோட்டே போதுமான வெளிச்சம் தரும். பனிமூட்டத்திலும் அந்த மஞ்சள் வெளிச்சம் வெள்ளை எல்.ஈ.டி. அளவுக்குக் கண்ணைக் குத்தாது.

கூரை விளக்கிலும் அளவு வேண்டும். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 65ஆம் இலக்க ஒழுங்குவிதியில் எச்சரிக்கை விளக்குக்குப் பகலுக்கு ஓர் அளவும் இரவுக்கு ஓர் அளவும் வைக்க வழி இருக்கிறது. இரவில் ஒளியைக் குறைக்கும் சுவிட்ச் இல்லாத விளக்கை நாம் வாங்கமாட்டோம். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் வெள்ளம் மதரஸாப் பிள்ளைகளை அடித்துக்கொண்டு போன பிறகு, நீரோரம் நின்று தேடியவர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். இருட்டில் தண்ணீரைப் பார்க்க வேண்டிய ஆளுக்குப் பக்கத்தில் நின்று மின்னும் விளக்கு என்ன செய்யும் என்று அவர்களிடம் கேட்கலாம்.

ஊரில் இப்போது ஆட்டோவும் மின்னுகிறது, பஸ்ஸும் மின்னுகிறது, மணல் ஏற்றும் டிப்பரும் மின்னுகிறது. 2025 ஜனவரியில் மேலதிக விளக்குகளைக் கழற்றும் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது எம்மிலேயே சிலர் முகம் சுளித்தோம். கல்யாண வீட்டுச் சோடனை போல எல்லா வண்டியும் ஓடினால் அம்பியூலன்ஸுக்கு யார் விலகிக் கொடுப்பார்? அந்த நடவடிக்கையை இப்போது வரவேற்கிறோம். எமது வாகனங்களின் விளக்கு நிறங்களும் எண்ணிக்கையும் குறித்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வழிகாட்டலை எழுத்தில் கேட்பதென்றும், பதில் வரும்வரை இப்போதுள்ள நிறங்களை மாற்றுவதில்லை என்றும் பெரும்பான்மையாக முடிவாகியது.

நன்கொடை பற்றியும் ஒரு வார்த்தை. தந்தவர்களின் நிய்யத்தைச் சந்தேகிக்கவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனாலும் மின்னும் விளக்குக்குக் காசு தர ஆள் உண்டு, டயருக்கு இல்லை. பெயர் ஒட்டுவதற்குக் கதவு உண்டு, கதவின் பிணைச்சல் கழன்று கிடக்கிறது. பிரேக் பட்டைக்கும் வயருக்கும் யாரும் ஸ்டிக்கர் அடிப்பதில்லை. இந்தப் பந்தியை நீக்கிவிட வேண்டும் என்று மூன்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்களின் ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டுள்ளது.

இனி எமது வாகனங்களில் எவரும், நன்கொடையாளரோ நிர்வாக உறுப்பினரோ, எழுத்துமூல அனுமதியின்றி எந்த விளக்கையும் பூட்டவோ கழற்றவோ கூடாது. வயரிங் வேலைக்குச் சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரியின் உதவியை இயன்றால் நாடுவோம். எல்.ஈ.டி. முன் விளக்கு பூட்டிய இரு வேன்களிலும் வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் பழைய வகைப் பல்புகள் திரும்பவும் போடப்படும். அதுவரை அவ்விரண்டின் சாவிகளும் மஃரிபுக்குப் பிறகு அலுவலக அலுமாரியில் இருக்கும். இரவு ஓட்டத்துக்கு மூன்றாவது வேன் மட்டுமே போகும். அது வெளியே போயிருந்தால் நோயாளியின் வீட்டாரிடம் அதைத் தெளிவாகச் சொல்லி, 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையை அழைக்கச் சொல்லுமாறு தொலைபேசிக் கடமையில் இருப்பவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறோம்.

செயற்குழுவின் சார்பில்,
செயலாளர்